கூடைப்பந்து: பிறப்பும் பேணலும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

கூடைப்பந்து ஆட்டத்தைப் பற்றி நம் பள்ளி மலரில் முன்பும் பலர் எழுதியிருக்கின்றனர். ஆட்டத்தின் விதிகளையும், வென்று வந்த கோப்பைகளின் விவரத்தையும் நாம் படித்து மகிழ்ந்திருக்கிறோம். ஆனால் அந்த ஆட்டத்திற்கு உயிர்நாடியாக விளங்கும் பந்தைப் பற்றி எவரும் எழுதியதாக நினைவில்லை. அது எதனால் ஆனது? அதனுள் எவ்வளவு காற்று இருக்க வேண்டும்? அதை எவ்வாறு பேண வேண்டும்? நாள்தோறும் தொட்டுப் பழகும் ஒரு பொருளைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகக் குறைவே.

இதை அறிந்து என்ன பயன் என்று தோழியர் சிலர் கேட்கக்கூடும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவுடன் எத்தனையோ தங்கைகள் ஆவலோடு மைதானத்திற்கு வருகின்றனர். பந்து அவர்கள் கையில் நிற்பதில்லை. விரல் நுனியில் பட்டு விரல் வீங்குகிறது. கூடை வரை எறிய முடிவதில்லை. பத்து நாட்களுக்குள் "எனக்கு இது வராது" என்று மரத்தடியில் போய் அமர்ந்துவிடுகின்றனர். அவர்களிடம் குறை ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பந்து அவர்கள் கைக்குப் பெரியதாகவோ, அளவுக்கு மீறிக் காற்றடைக்கப்பட்டதாகவோ இருந்திருக்கலாம். ஆகவே பந்தை அறிந்துகொள்வது ஆட்டக்காரிகளுக்கு மட்டும் உரியதன்று. மரத்தடியில் அமர்ந்திருப்போருக்கும் உரியதே.

வரலாறு

கூடைப்பந்து ஆட்டம் 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்க நாட்டின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தது. அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் ஆசிரியராக இருந்தார். இவர் கனடா நாட்டில் பிறந்தவர், இறையியலும் பயின்றவர். பனிக் காலத்தில் மாணவர்கள் வெளியே விளையாட முடியாமையால், கூரையின் கீழ் ஆடத்தக்க ஓர் ஆட்டம் அவருக்குத் தேவைப்பட்டது. பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளை மாடத்தின் ஓரத்தில் 10 அடி உயரத்தில் அடித்தார். அணிக்கு ஒன்பது பேர் வீதம் பதினெண்மரை ஆடச் செய்தார். இன்றும் கூடையின் வளையம் அதே 10 அடி உயரத்தில்தான், அதாவது ஏறத்தாழ 3 மீட்டர் 5 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது.

அன்று அவர்கள் ஆடியது எந்தப் பந்தில் தெரியுமா? கால்பந்தில்! கூடைப்பந்து என்று தனியாக ஒன்று அப்போது இல்லை. கால்பந்து பெரியது, இலேசானது, இரு கைகளாலும் எளிதில் பிடிக்கத் தக்கது என்பதால் நெய்ஸ்மித் அதைத் தேர்ந்தெடுத்தார். பின்னர் அவருடைய வேண்டுகோளின்படி ஸ்பால்டிங் நிறுவனம் 1894-இல் இவ்வாட்டத்திற்கெனத் தனிப்பந்து செய்து தந்தது. அக்காலப் பந்துகள் தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தவை. உள்ளே ரப்பர் பிளாடரை வைத்து, வாய்ப்பகுதியைக் காலணிக்குக் கட்டுவதுபோல் வாரினால் இறுக்கிக் கட்டினர். அந்த முடிச்சின்மேல் பந்து விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று எவராலும் கூற இயலாது. வார்க்கட்டு மறைந்து, அச்சில் வார்த்த பந்துகள் வந்த பிறகே பந்து எப்பக்கம் விழுந்தாலும் ஒரே சீராக எழும்பியது. அதுவரை பழுப்பு நிறமாக இருந்த பந்துக்கு ஆரஞ்சு நிறம் வந்தது 1950-களின் இறுதியில். ஆடுவோர்க்கும் காண்போர்க்கும் பந்து நன்கு தெரியவேண்டும் என்று டோனி ஹின்கிள் என்ற பயிற்சியாளர் செய்த ஏற்பாடு அது.

பெண்கள் இவ்வாட்டத்திற்கு வரத் தாமதிக்கவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகிலுள்ள ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை இதைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். 1893-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்கு நடந்த ஆட்டத்தைக் காண ஆண்களுக்கு அனுமதி இல்லை! ஒலிம்பிக் போட்டியில் ஆண்கள் கூடைப்பந்து 1936-இல் சேர்க்கப்பட்டது. பெண்களோ அதற்காக 1976 வரை, நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் தமிழகத்திற்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அங்கு பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். அக்கல்லூரி இன்றும் நந்தனத்தில் இயங்கி வருகிறது. சென்னையில் வளர்ந்து, இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரை அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தியாகும்.

பந்து உருவாகும் விதம்

கூடைப்பந்தை அறுத்துப் பார்த்தால் அதனுள் நான்கு அடுக்குகள் தெரியும். மனித உடலில் தோல், சதை, எலும்பு என்றிருப்பதுபோல ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வேலை உண்டு.

முதல் அடுக்கு பிளாடர். இதுவே காற்றைத் தாங்கும் பை. ரப்பர் மரத்தின் பாலிலிருந்து இயற்கை ரப்பர் கிடைக்கிறது என்பதை நாம் அறிவோம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இம்மரங்கள் செழித்து வளர்கின்றன. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து உடையும். அதைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியும் நெகிழ்ச்சியும் பெறுகிறது என்பதை 1839-இல் சார்லஸ் குட்இயர் என்பவர் கண்டுபிடித்தார். இம்முறைக்கு வல்கனைசேஷன் என்று பெயர். குட்இயர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டு, 1860-இல் கடனாளியாகவே இறந்தார். அவருடைய உழைப்பு இல்லையேல் இன்று பந்தும் இல்லை. பேருந்தின் டயரும் இல்லை.

பிளாடருக்குப் பெரும்பாலும் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகின்றனர். இயற்கை ரப்பரைவிட இது காற்றைக் கசியவிடாமல் நெடுநாள் வைத்துக்கொள்ளும். ரப்பருடன் கந்தகமும் கரித்தூளும் பிற பொருள்களும் சேர்த்துப் பிசைந்து தகடாக்குகின்றனர். தகடுகளை வெட்டி, ஒரு துளையிட்டு வால்வைப் பொருத்துகின்றனர். பிறகு ஓரங்களை ஒட்டி அச்சில் வைத்துச் சூடேற்றினால் உருண்டையான பிளாடர் கிடைக்கிறது. அதில் காற்றடைத்துச் சில மணி நேரம், சில இடங்களில் ஒரு நாள் முழுவதும், அப்படியே விட்டுவைப்பார்கள். காற்று இறங்கிய பிளாடர் அடுத்த கட்டத்திற்குச் செல்லாது.

இரண்டாம் அடுக்கு நூல். பந்தின் இரகசியம் இதில்தான் அடங்கியிருக்கிறது. தையல் வகுப்பில் கம்பளி நூலை உருண்டையாகச் சுற்றுவோம் அல்லவா? அதுபோலக் காற்றடைத்த பிளாடரை இயந்திரம் எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி, பசையில் தோய்ந்த நைலான் அல்லது பாலியஸ்டர் நூலை அதன்மேல் சுற்றுகிறது. ஒரு நல்ல பந்தில் சுற்றப்படும் நூலின் நீளம் மீட்டர் கணக்கில் அன்று, கிலோமீட்டர் கணக்கில்! பலூனில் ஊத ஊத அது பெரிதாகிக்கொண்டே போகிறது. ஆனால் கூடைப்பந்து அவ்வாறு பெருப்பதில்லை. காரணம், நூல் அடுக்கு பிளாடரை எத்திசையிலும் விரியவிடாமல் இறுகப் பிடித்திருக்கிறது. பந்தின் உருண்டை வடிவத்தைக் காப்பது இந்த நூலே. விலை மலிவான பந்துகளில் இந்த நூல் குறைவாகவே சுற்றப்பட்டிருக்கும்.

மூன்றாம் அடுக்கு, நூலின்மேல் போர்த்தப்படும் ரப்பர் உறை. இதை அச்சில் வைத்துச் சூட்டுடன் அழுத்துகின்றனர். நாம் விரலால் தடவிப் பார்க்கும் கறுப்புப் பள்ளக் கோடுகள் இக்கட்டத்தில்தான் உருவாகின்றன.

நான்காவது அடுக்கு மேலுறை. இது ரப்பராகவோ, செயற்கைத் தோலாகவோ, உண்மைத் தோலாகவோ இருக்கலாம். தோல் வகைப் பந்துகளில் எட்டுத் துண்டுகளை வெட்டி, பள்ளக் கோடுகளுக்கு இடையே ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டுவது வழக்கம். பன்னிரண்டு துண்டுகள் கொண்ட இருநிறப் பந்து 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பயன்பட்டது. மேலுறையில் மணல்மணியைப்போல் சிறுசிறு புடைப்புகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவை அழகுக்காக இடப்பட்டவை அல்ல. வியர்வை படிந்த கையிலிருந்து பந்து வழுக்காமல் பிடிப்புக் கொடுப்பவை அவையே. இறுதியில் பந்தின் எடை, சுற்றளவு, துள்ளும் உயரம் ஆகியவற்றைச் சோதித்து, காற்றைச் சிறிது இறக்கிப் பெட்டியில் அடுக்குகின்றனர்.

நம் நாட்டில் விளையாட்டுப் பொருள்களுக்குப் பேர்பெற்ற நகரங்கள் பஞ்சாபிலுள்ள ஜலந்தரும், உத்தரப் பிரதேசத்திலுள்ள மீரட்டும் ஆகும். 1947-இல் நாடு பிரிந்தபோது, பாகிஸ்தானில் சேர்ந்துவிட்ட சியால்கோட் நகரிலிருந்து கைத்தொழில் வல்லோர் பலர் இவ்விரு நகரங்களுக்கும் குடிபெயர்ந்தனர். வீட்டையும் நிலத்தையும் இழந்து வந்தவர்களிடம் எஞ்சியிருந்தது கைத்திறன் ஒன்றே. அத்திறனால் அவர்கள் மீண்டும் எழுந்து நின்றனர்.

காற்றின் வேலை

இத்தனை அடுக்குகள் இருந்தும், காற்று இல்லாத பந்து தரையில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். அதைத் துள்ளச் செய்வது காற்றே. பந்து தரையில் மோதும்போது அதன் அடிப்பகுதி ஒரு கணம் தட்டையாகிறது. உள்ளிருக்கும் காற்று மேலும் நெருக்கப்பட்டு, அந்நெருக்கத்திலிருந்து விடுபட விரைகிறது. அந்த விசை பந்தை மேலே தள்ளுகிறது. விழுந்த உயரத்திற்கே அது திரும்பவும் எழுவதில்லை. ஆற்றலில் ஒரு பகுதி ஒலியாகவும் வெப்பமாகவும் மாறிவிடுகிறது.

பந்தின் காற்றழுத்தத்தை ஒரு சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு என்று அளப்பது வழக்கம். வால்வின் அருகே உற்று நோக்கினால் 7 முதல் 9 வரை என்பதுபோன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 8 பவுண்டு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். பெண்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 28.5 அங்குலம். கணித வகுப்பில் கற்ற 4πr² என்ற வாய்பாட்டின்படி அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 258 சதுர அங்குலம். ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் 8 பவுண்டு விசை வெளிநோக்கித் தள்ளுகிறது என்றால் மொத்தம் 2,000 பவுண்டுக்கு மேல், அதாவது 900 கிலோவுக்கும் மேல்! இவ்வளவையும் அந்த மெல்லிய நூல் அடுக்கு இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருக்கிறது. "இன்னும் நாலு அடி அடிப்போமே" என்று பம்பை அழுத்துமுன் இக்கணக்கை நினைவிற் கொள்வது நல்லது.

வெயிலும் இக்கணக்கில் சேரும். அடைபட்ட காற்றைச் சூடாக்கினால் அதன் அழுத்தம் கூடும் என்பது இயற்பியல் பாடம். காலையில் 27° செல்சியஸ் வெப்பத்தில் 8 பவுண்டு அளந்து அடித்த பந்தை, நண்பகல் வெயிலில் சிமெண்டுத் தரையில் விட்டுவிட்டு அது 55° வரை சூடாகிவிட்டதாகக் கொள்வோம். வெளிக்காற்றின் அழுத்தமான 14.7 பவுண்டையும் சேர்த்தால் உள்ளே 22.7 பவுண்டு. கெல்வின் கணக்கில் 300 என்பது 328 ஆகும்போது இது 24.8 ஆக உயரும். வெளிக்காற்றைக் கழித்தால் பந்தின் அழுத்தம் 10 பவுண்டைத் தாண்டிவிடுகிறது. எவரும் பம்பைத் தொடவில்லை, வெயிலே காற்றடித்துவிட்டது! இதற்கு நேர்மாறாக, நண்பகலில் அடித்த பந்து மறுநாள் அதிகாலையில் சற்றுத் தளர்ந்திருக்கும். அதைப் பஞ்சர் என்று எண்ணிவிடக் கூடாது.

காற்றடிக்கும் முறை

மேற்கூறியதிலிருந்து காற்று அளவோடு இருக்க வேண்டும் என்பது விளங்கும். குறைந்தால் பந்து எழும்பாது. அதைத் தட்டி எழுப்பக் கை சோர்ந்துபோகும். மிகுந்தால் பந்து கல்லைப்போலாகி, பிடிக்க வரும் விரலை மடக்கிவிடும். கூடையின் பலகையில் பட்டதும் எங்கோ பறந்துவிடும். உள்ளேயுள்ள நூல்கள் அறுந்து ஒரு பக்கம் புடைத்துக்கொள்ளவும் கூடும். காற்றடிப்பதற்கு வேண்டியவை ஒரு கைப்பம்பும், வளையாத ஓர் ஊசியும் மட்டுமே. அதற்குரிய படிகள் பின்வருமாறு:

1. வால்வின் துளையில் படிந்துள்ள மண்ணை ஈரத்துணியால் முதலில் துடைக்க வேண்டும். இல்லையேல் ஊசி அந்த மண்ணையும் உள்ளே தள்ளிவிடும்.

2. ஊசியைக் கிளிசரினில் நனைக்க வேண்டும். கிளிசரின் இல்லையெனில் சுத்தமான தண்ணீர் போதும். காய்ந்த ஊசி வால்வின் உதடுகளைக் கிழித்துவிடும். பந்துகள் காற்றிழப்பதற்கு இது ஒரு பெருங்காரணம். தேங்காய் எண்ணெயோ, இயந்திர எண்ணெயோ, வாசலினோ தடவக் கூடாது. எண்ணெய்ப் பசை ரப்பரைக் கெடுக்கும். ஊசியை வாயில் வைத்து எச்சிலால் நனைக்கும் பழக்கமும் வேண்டாம். அந்த ஊசி எத்தனை பேர் வாய்க்குப் போய் வந்தது என்பதை எவரும் அறியார்!

3. ஊசியை நேராக, மெதுவாகச் செலுத்த வேண்டும். சாய்த்துக் குத்தினால் பிளாடரில் துளை விழலாம்.

4. ஒருத்தி பந்தையும் ஊசியின் அடிப்பகுதியையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றொருத்தி நிதானமாக அடிக்க வேண்டும். தனியே செய்யும்போதுதான் ஊசி முறிகிறது. முறிந்த முனை பந்துக்குள் விழுந்தால் நடக்கும்போதெல்லாம் கலகலக்கும்.

5. சைக்கிள் கடையில் மின்சாரக் கம்பிரஸரால் அடிப்பதைத் தவிர்க்க வேண்டும். அது பேருந்து டயருக்கும் காற்றடிக்க வல்லது. சில நொடிகளில் பந்து அளவை மீறிவிடும்.

அழுத்தமானி இருந்தால் 7-க்கும் 9-க்கும் இடையே, அல்லது பந்தில் பொறித்துள்ள எண்ணுக்கு அடித்து நிறுத்தலாம். அழுத்தமானி இல்லாத பள்ளிகளே மிகுதி. அதற்கும் ஒரு வழி உண்டு. பந்தின் அடிப்பகுதி தரையிலிருந்து 1 மீட்டர் 80 செ.மீ. உயரத்தில் இருக்குமாறு பிடித்து, தள்ளாமல் கைவிட வேண்டும். முதல் துள்ளலில் பந்தின் உச்சி 1 மீட்டர் 20 செ.மீ.-க்குக் குறையாமலும், 1 மீட்டர் 40 செ.மீ.-ஐத் தாண்டாமலும் எழ வேண்டும். அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதிகளிலேயே நெடுங்காலம் இடம்பெற்றிருந்த சோதனை இது. மைதானத்துச் சுவரில் சாக்கட்டியால் மூன்று கோடுகள் போட்டுவிட்டால் செலவே இல்லாத அழுத்தமானி தயார். வளர்ந்த பெண் ஒருத்தி தன் தோள் உயரத்திலிருந்து பந்தை விட்டால் அது ஏறக்குறைய அவள் இடுப்பளவு எழ வேண்டும் என்பது இன்னும் எளிய வழி.

எந்தப் பந்து யாருக்கு?

பந்தில் 5, 6, 7 என்று ஏதேனும் ஓர் எண் இருக்கும். அது அளவைக் குறிக்கும் எண். 7-ஆம் எண் பந்து ஆண்களுக்குரியது, சுற்றளவு 29.5 அங்குலம், எடை ஏறத்தாழ 600 கிராம். 6-ஆம் எண் பந்து பெண்களுக்குரியது, சுற்றளவு 28.5 அங்குலம், எடை 510 முதல் 567 கிராம் வரை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுமியருக்கு 27.5 அங்குலச் சுற்றளவும் 500 கிராமுக்குக் குறைந்த எடையும் கொண்ட 5-ஆம் எண் பந்தே ஏற்றது.

ஆட்டம் பிறந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்களும் ஆண்களின் பந்திலேயே ஆடினர். பெண்களின் கை ஆண்களின் கையைவிடச் சிறியது என்பதை ஏற்றுக்கொள்ள அத்தனை காலம் ஆயிற்று! அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கு 1984-இல் சிறிய பந்து வந்தது. அனைத்துலகச் சம்மேளனம் பெண்கள் போட்டிகளுக்கு 6-ஆம் எண்ணை ஏற்றது 2004-இல்தான். ஓர் அங்குலமும் சில கிராமும் என்ன பெரிய வேறுபாடு என்று கருத வேண்டாம். நூறு முறை எறிந்த பிறகு அந்த வேறுபாடு தோளுக்குத் தெரியும்.

பெற்றோர்களுக்கு இங்கு ஒரு விண்ணப்பம். சீருடை தைக்கும்போது "வளரும் பிள்ளை" என்று ஓர் அளவு பெரிதாகத் தைப்பது நம் வீடுகளில் வழக்கம். பந்து வாங்கும்போதும் அவ்வாறு 7-ஆம் எண்ணை வாங்கிவிடாதீர்கள். பெரிய சீருடையை மடித்துத் தைத்துப் போட்டுக்கொள்ளலாம். பெரிய பந்தை மடிக்க முடியாது. சிமெண்டுத் தரையிலும் மண் தரையிலும் ஆடும் பிள்ளைக்கு ரப்பர் மேலுறைப் பந்தே போதும். விலை கூடிய தோல் பந்து கூரையிட்ட மரத்தரைக்கு உரியது. வெளியே ஆடினால் சில வாரங்களில் தேய்ந்துவிடும்.

பேணும் முறை

நல்ல பந்து வாங்கினால் மட்டும் போதாது. அதைப் பேணினால்தான் அது நம்முடன் பல ஆண்டுகள் இருக்கும். நாம் கடைப்பிடிக்க வேண்டியவை வருமாறு:

கூடைப்பந்தைக் காலால் உதைக்கலாகாது. உதைபடும் இடத்தில் உள்நூல்கள் நைந்து, நாளடைவில் பந்து கோணலாகும்.

பந்தின்மேல் உட்காரலாகாது. ஆசிரியை விதிகளை விளக்கும்போது பந்தையே ஆசனமாக்கிக்கொள்வோர் நம்மில் பலர். நாள்தோறும் அவ்வாறு அமர்ந்தால் பந்து முட்டை வடிவம் கொள்ளும்.

ஆடுமுன் தரையைப் பெருக்க வேண்டும். மணலும் சிறு கற்களும் பந்தின் புடைப்புகளை அரத்தைப்போல் தேய்த்து வழவழப்பாக்கிவிடும். வழவழத்த பந்து கையில் நிற்காது.

ஆட்டம் முடிந்ததும் பந்தை வெயிலில் விட்டுச் செல்லக் கூடாது. வெயில் காற்றழுத்தத்தைக் கூட்டுவதோடு ரப்பரிலும் வெடிப்பை உண்டாக்கும்.

அழுக்கான பந்தை மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். வாளித் தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது. மழையில் நனைந்த பந்தை அடுப்பருகே வைத்து உலர்த்துவதும் தவறு.

கோடை விடுமுறையில் பந்துகளைக் காற்றோட்டமான, சூடில்லாத அறையில் வலைப்பையில் இட்டு வைக்க வேண்டும். காற்றைச் சிறிது குறைக்கலாம். முழுவதும் இறக்கிவிடக் கூடாது, வடிவம் கெட்டுவிடும். அவற்றின்மேல் பாய்களையோ பெஞ்சுகளையோ அடுக்கலாகாது. ஜூன் மாதத்தில் பந்து தளர்ந்திருந்தால் வருந்த வேண்டாம். ரப்பரின் நுண்ணிய இடைவெளிகள் வழியே காற்று மெல்லக் கசிவது இயற்கையே.

காற்று உண்மையிலேயே விரைவில் இறங்கினால், வால்வின்மேல் ஒரு துளி சோப்பு நீர் விட்டுப் பார்க்க வேண்டும். குமிழி கிளம்பினால் குறை வால்வில் உள்ளது. ஊசியை நனைத்து ஒருமுறை செலுத்தி எடுத்தால் சில வேளைகளில் வால்வு சரியாகப் பொருந்திக்கொள்ளும். பிளாடரே கிழிந்திருந்தால் சைக்கிள் டியூபைப்போல வெளியே எடுத்துப் பஞ்சர் ஒட்ட இயலாது. அது நூலுக்குள் சிறைப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் புடைத்த பந்தை ஆட்டத்திலிருந்து விலக்கிவிட வேண்டும். அது எத்திசையில் துள்ளும் என்று கூற முடியாது, முகத்தில் படக்கூடும்.

முடிவுரை

பள்ளிப் பந்து யாருடையது? "பள்ளியினுடையது" என்கிறோம். அவ்வாறு சொல்லும்போதே "என்னுடையது அன்று" என்ற எண்ணமும் சேர்ந்து வந்துவிடுகிறது. அதனால்தான் வீட்டில் தன் பந்தை அலமாரியில் வைக்கும் பெண், பள்ளியின் பந்தை வெயிலில் விட்டுச் செல்கிறாள். பலருக்கும் பொதுவான பொருளைப் பேணுவது அயலாரை நேசிப்பதன் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன். இன்று நான் உதைத்துக் கெடுக்கும் பந்துதான் அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புத் தங்கையின் கைக்குப் போகப்போகிறது.

ஆகவே வகுப்புக்கு ஒரு 'பந்துப் பொறுப்பாளர்' இருந்தால் நலம் என்பது என் தாழ்மையான கருத்து. ஒவ்வொரு பந்துக்கும் ஓர் எண் கொடுத்து, வாரம் ஒருமுறை சுவர்க்கோட்டின் அருகே அதைத் துள்ளவிட்டு, எழுந்த உயரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். திங்கட்கிழமை காலை, வெயில் ஏறுமுன், பத்து நிமிடம் போதும். 5-ஆம் எண் பந்துகள் சிறிய வகுப்புகளுக்கும், 6-ஆம் எண் பந்துகள் பெரிய வகுப்புகளுக்கும் செல்கின்றனவா என்பதையும் அப்பொறுப்பாளரே பார்த்துக்கொள்ளலாம். உடற்பயிற்சி ஆசிரியையும் அன்புச் சகோதரிகளும் இதற்கு இசைவு தருவார்கள் என்று நம்புகிறேன்.

மரத்தடியில் அமர்ந்திருக்கும் தங்கைகளே, உங்களுக்கும் ஒரு சொல். அடுத்த முறை பந்து கையில் நிற்கவில்லை என்றால், உங்களைக் குறை கூறிக்கொள்ளுமுன் பந்தின் எண்ணைப் பாருங்கள். தோள் உயரத்திலிருந்து ஒருமுறை விட்டுப் பாருங்கள். பிறகு மீண்டும் எறியுங்கள்.